முழுக்கப் பிரிப்பதா, ஓடவைத்துச் சரிசெய்வதா?

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று கை சும்மா இருக்காது. எனக்கும் அப்படித்தான். சித்தப்பா ஓட்டி முடித்து 12 ஆண்டுகள் ஒரு மூலையில் நிறுத்திவைத்திருந்த ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி அது. "வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்றார். மூன்றே ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி நான்கு அட்டைப் பெட்டிகளில் நிரப்பிவிட்டேன். நான்காவது ஞாயிறு வேறு வேலை வந்தது. பெட்டிகளை மறுபடி திறக்க 5 ஆண்டுகள் ஆயின. திறந்தால், ஒரே தடிமனில் நாற்பதுக்கு மேல் போல்ட்டுகள்; நீளம் மட்டும் வேறு வேறு. ஆழம் குறைந்த துளையில் நீளமான போல்ட்டைத் திருகி இறுக்கினால் அலுமினிய உறை பிளந்துவிடும் என்பதை ஒன்றைப் பிளந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்கு வழிகள் மூன்று. கடைசி போல்ட் வரை பிரித்துப் புதிதுபோல் கட்டுவது ஒன்று. முதலில் ஓடவைத்து, பிறகு ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்துகொண்டே போவது இன்னொன்று. பழைய தோற்றத்தில் கைவைக்காமல் இயங்கும் பாகங்களை மட்டும் பார்ப்பது மூன்றாவது. விடுமுறை நாட்களில் வீட்டில் தனி ஆளாக வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஒத்துவரும். முழுக்கப் பிரிப்பதற்கும் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை வண்டி சொல்ல வேண்டும், நம் கை அரிப்பு சொல்லக் கூடாது.

முதல் மாலை

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் ஒரு மாலைப்பொழுது போதும். கழற்ற வேண்டியது ஸ்பார்க் பிளக் ஒன்றுதான்.

முதலில் எஞ்ஜின் எண்ணும் சாஸி (வண்டியின் இரும்புச் சட்டகம்) எண்ணும் ஆவணத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அதைத் தீர்க்கும்வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம். சாலையில் ஓட்ட முடியாத வண்டிக்கு எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

பிறகு பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் எஞ்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். அசைந்தால் நல்ல செய்தி. அசையாவிட்டால் அதன்மேல் ஏறி மிதிக்காதீர்கள். கிக்கர் தண்டும் அதன் பற்களும்தான் உடையும். அசிட்டோனையும் தானியங்கி கியர்பெட்டிக்கு ஊற்றும் ஆயிலையும் சரிபாதியாகக் கலந்து, தீ எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பிளக் துளை வழியாக ஊற்றிச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். பிறகு வண்டியை உயர்ந்த கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் போதும், மீதி பொறுமையால் நடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஊறியும் கல்லாக நின்றால் எஞ்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அப்போதும் பிரிய வேண்டியது எஞ்ஜின்தான், முழு வண்டி அல்ல.

சுற்றுகிற எஞ்ஜினுக்கு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்தபடி, ஊசி மேலே ஏறுவது நிற்கும்வரை உதைக்க வேண்டும். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்ஜின் 120 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டினால் கவலையில்லை. மிகவும் குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் சந்தேகம் வால்வுகள் பக்கம் திரும்பும்.

கடைசியாக சாஸி. ஹேண்டில் சேரும் கழுத்துப் பகுதியில், அடிக்குழாயின் கீழே, பெயின்ட் சுருங்கியோ விரிந்தோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சுருக்கம் இருந்தால் வண்டி முன்பு எதிலோ பலமாக மோதியிருக்கிறது என்று பொருள். வளைந்த சாஸி, துரு தின்று ஓட்டை விழுந்த குழாய், வெல்டிங்கில் விரிசல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் முழுக்கப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. வேறு எதற்கும் அவ்வளவு அவசரம் கிடையாது.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால்

முழுப் பிரிப்பின் உண்மையான செலவைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. இடம் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும், நிற்கிற வண்டியைப் போல மூன்று மடங்கு. நாள் ஆகும் என்பார்கள்; அதுவும் சரி. ஆனால் என்னை வதைத்தது வேறொன்று.

5 ஆண்டுகள் கழித்து அந்த வண்டியைக் கட்டி முடித்து முதல்முறை உதைத்தபோது அது மூச்சுக்கூட விடவில்லை. பிளக்கில் பொறி இல்லை. பொறி தரும் பாகங்களில் காயில் புதிது, கண்டென்சர் புதிது, கான்டாக்ட் பாயின்ட் புதிது, ஒயரிங் நானே இழுத்தது. இவற்றில் யாரைச் சந்தேகிப்பது? எல்லாமே புதிதாக இருந்ததால் எல்லாமே குற்றவாளிகள். மூன்று வாரம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் காரணம் அவற்றில் ஒன்றுமே இல்லை. சாஸிக்குப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தேன். காயிலைத் தாங்கும் பட்டை அந்த வழவழப்பான பூச்சின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. பழைய நாட்களில் அது வெறும் இரும்பைத் தொட்டு எர்த் எடுத்துக்கொண்டது. இப்போது தொட வழியில்லை. போல்ட் துளையைச் சுற்றிக் கத்தி முனையால் ஒரு காசளவு சுரண்டினேன். இரண்டாவது உதையில் புகை கக்கிக்கொண்டு எழுந்தது.

ஓடுகிற வண்டியில் இந்தச் சங்கடம் வராது. நேற்று ஓடியது, இன்று காயிலை மாற்றினோம், நின்றுவிட்டது என்றால் கோளாறு நாம் கடைசியாகக் கைவைத்த இடத்தில்தான் இருக்கும். கார்ப்புரேட்டரைச் சரிசெய்து ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்த வாரம் பிரேக். அதற்கடுத்து ஃபோர்க் ஆயில் சீல். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். 1969-இல் வந்த ஹோண்டா சிபி750 போல நான்கு சிலிண்டருக்கு நான்கு கார்ப்புரேட்டர் உள்ள வண்டியில் இந்த ஒழுங்கு இல்லாமல் எதையும் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த வழியிலும் குறை உண்டு. ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். கிளட்ச் பார்க்கத் திறந்த உறையை அடுத்த மாதம் கிக்கர் ஸ்பிரிங்குக்காக மறுபடி திறப்பீர்கள். உறைக்கு இடையே வைக்கும் கேஸ்கெட் இன்னொன்று போகும். சாஸியின் மூலைகளில் துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். வண்டி என்றைக்குமே 'முடிந்தது' என்று சொல்லும் நிலைக்கு வராது. இதையெல்லாம் சகிக்க முடியாத சுபாவம் உள்ளவர் முழுப் பிரிப்புக்குப் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஓடவைப்பது வேறு, சாலையில் ஓட்டுவது வேறு. டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நான்கு இலக்கமே இல்லாமல் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் தேயாமல் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றால் கணக்கு மாறும்

ஓடவைத்துப் பார்க்கும் வழிக்கு ஒரு பெரிய விதிவிலக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்ஜின். அதில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. கிராங்கின் இரு முனையிலும் உள்ள ஆயில் சீல்கள் அந்த அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் இந்த ரப்பர் காய்ந்து விறைத்துப்போகும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை நிற்காமல் வரும். மேக்னெட்டோ (பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் பாகம்) பக்கத்துச் சீல் போனால் அவ்வளவு நல்லவிதமாக முன்னறிவிப்பு வராது: வெளிக்காற்று உள்ளே நுழையும், கலவையில் பெட்ரோல் குறையும், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்ஜின் வேகம் இறங்காமல் தொங்கும். வண்டி முன்பைவிடத் துடிப்பாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். சில கிலோமீட்டரில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

ஆகவே டூ ஸ்ட்ரோக் வண்டியை உதைத்துக் கிளப்புங்கள், சில நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள், அணைத்துவிடுங்கள். சீல் மாற்றும்வரை ஊர்சுற்ற வேண்டாம். மேக்னெட்டோ பக்கத்துச் சீலைப் பல எஞ்ஜின்களில் வெளியிலிருந்தே மாற்ற முடியும். மறுபக்கம் எஞ்ஜினைப் பொறுத்தது. சிலவற்றில் உறையைப் பிளந்தால்தான் கை எட்டும். பிளந்தே ஆக வேண்டுமென்றால் கிராங்க் பேரிங்குகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

அந்தப் பேரிங் வேலையை எத்தனை பேர் சுத்தியலால் செய்கிறார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதைப் பயன்படுத்திக்கொண்டால் அடிக்கவே தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவிய உறையை 100 டிகிரிக்குச் சற்று மேலே சீராகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓட வேண்டும். தடித்த கையுறையோடு எடுத்து, மரப்பலகைமேல் கவிழ்த்து ஒரு தட்டு. பழைய பேரிங் தானாகவே கழன்று விழும். புதிய பேரிங் முந்தின இரவே ஃபிரீசருக்குள் போயிருக்க வேண்டும். அதைச் சூடான குழியில் நேராக வைத்தால் 'டக்' என்று அடிவரை இறங்கி உட்காரும். கோணலாக வைத்தால் திருத்திக்கொள்ளச் சில வினாடிகளே உண்டு, அதற்குள் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து இறுகிவிடும். இதைச் செய்யும்போது என்னோடு யாரும் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

எதை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது

சிலிண்டர் ரீபோர் (உட்சுவரைப் பெரிதாகக் கடைவது), கிராங்க் நேர்செய்தல், வால்வு இருக்கை வெட்டுதல் ஆகிய மூன்றும் லேத் பட்டறை வேலை. வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். நான் சிலிண்டரை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"பிஸ்டன் எங்கே தம்பி?" என்றார் அங்கிருந்த பெரியவர்.

"நீங்கள் ரீபோர் செய்யுங்கள் ஐயா, அந்த அளவுக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்."

"காலைக் காட்டாமல் செருப்புத் தைக்கச் சொல்கிறாயே" என்று சிலிண்டரைத் திருப்பித் தந்துவிட்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. மாற்றுப் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியில் 0.50 என்று எழுதியிருப்பதும் உள்ளே இருக்கும் பிஸ்டனும் நூலளவு வேறுபடலாம். பிஸ்டனை அளந்து, அதற்குரிய இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். அதற்கும் முன்னால், அந்த வண்டிக்குப் பெரிய அளவுப் பிஸ்டன் கிடைக்கிறதா என்பதையே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உதிரி பாகம் கிடைப்பதுதான் பல சமயம் வழியையே தீர்மானிக்கும். 1958-இல் தொடங்கிய ஹோண்டா சூப்பர் கப் வரிசை 2017-இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. அப்படிப்பட்ட வண்டியைத் தைரியமாகப் பிரிக்கலாம், உடைந்தது எதுவானாலும் வேறொன்று கிடைக்கும். கொஞ்சமே தயாரான வண்டியில் பக்கவாட்டு மூடி ஒன்று காணவில்லை என்றாலும் அது எஞ்ஜின் வேலையைவிட நீண்ட காத்திருப்பு. அந்த மாதிரி வண்டியைக் கழற்றாமல் விட்டால் குறைந்தபட்சம் எதுவும் தொலையாது.

கார்ப்புரேட்டரை நீங்களே கழுவலாம். ஓடாமல் நின்ற வண்டியில் அடைபடுவது பெரும்பாலும் குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்தான். அதன் துளை மிகவும் நுண்ணியது. கம்பியை விட்டுக் குடைந்தால் துளை அகன்று ஜெட் கெடும். கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. கழுவுவதா, புதிய நகல் கார்ப்புரேட்டர் வாங்குவதா என்று கேட்டால், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு தளர்ந்து ஆடாதவரை பழையதே மேல் என்பேன். மலிவான நகல்களின் ஜெட் அளவை நான் நம்புவதில்லை.

பொறி விழ மின்சுற்றைத் திறந்து மூடும் கான்டாக்ட் பாயின்ட்டா, அதே வேலையை மின்னணு முறையில் செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷனா என்பது முடிவில்லாத வாக்குவாதம். பாயின்ட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) வைத்து 0.35 மி.மீ. அளவில் நிறுத்தி, மெல்லிய அரத்தால் தேய்த்து, வழியோரத்திலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் தேயும், தேயத்தேய டைமிங் (பொறி விழும் நேரம்) நகரும். எலெக்ட்ரானிக் வைத்தால் டைமிங் நகராது, கெட்டால் மட்டும் ஒரேயடியாகக் கெடும். சோர்ந்த 6 வோல்ட் பேட்டரியோடு அதற்கு ஒத்துப்போகாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சாஸியோடு இணைந்திருக்கும்; அதைக் கவனிக்காமல் பொருத்தினால் புதுக்கருவி அன்றைக்கே கருகும். எனக்கு எலெக்ட்ரானிக் பிடிக்கும். ஆனாலும் பாயின்ட்டில் வண்டி ஒழுங்காக ஓடிய பிறகே மாற்றுவேன்.

ஸ்க்ரூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஜப்பானிய வண்டிகளில் கூட்டல் குறித் தலை கொண்ட ஸ்க்ரூக்கள் ஜிஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் செய்தவை. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றில் சரியாக உட்காராமல் வழுக்கித் தலையை வழித்துவிடும். பொருத்தமான முனையும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பெயின்ட், முலாம், டேங்க்

தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒரு வண்டிக்கு ஒருமுறைதான். மங்கியிருந்தாலும் முக்கால்வாசி உயிரோடு இருந்தால் கழுவி மெழுகு போட்டுவிட்டு ஓட்டுங்கள். மூன்றாவது வழி என்று சொன்னது இதைத்தான். பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டுகூடப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், அடித்த பிறகு பழையதை மீட்க முடியாது.

அடிப்பதென்றே முடிவானால், சாஸிக்குப் பவுடர் கோட்டிங் உறுதியானது. கல் தெறித்தால் சாதாரணப் பெயின்ட்டைவிடத் தாங்கும். 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் வேகவைக்கிற பூச்சு என்பதால் ரப்பர், பிளாஸ்டிக், பேரிங் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பேரிங் குழிகள், மரைகள், என்னை மூன்று வாரம் அலையவிட்ட எர்த் முனைகள் எல்லாவற்றையும் முன்பே மூடச் சொல்லுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்பவரிடம் சாஸி எண்ணை விரல்வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். அந்த எண் அழிந்தால் வண்டியே இல்லை. ஹார்டனர் கலக்கும் இரு பாகப் பெயின்ட்டின் பளபளப்பு பவுடரில் வராது, டேங்குக்கு அதுதான் அழகு. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். துணி முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் அடிப்பது நுரையீரலோடு சூதாடுவது. வெளியே கொடுத்துவிடுங்கள்.

குரோம் வேலையையும் வெளியே கொடுப்பதைத் தவிர வழியில்லை. கொடுக்கும் முன், அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேல்துரு எவ்வளவு போகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

டேங்குக்குள் துரு என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஓரிரவு வைத்துக் கழுவுவது எளிது. கழுவியவுடன் உலர்த்தி உள்ளே எண்ணெய் பூசாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செம்மை படரும். வாஷிங் சோடா கரைசலில் மின்சாரம் விட்டு எடுப்பது இன்னும் மென்மையான வழி. அதற்கு நடுவில் தொங்கவிடும் கம்பி சாதாரண இரும்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் கரைசலில் இறங்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயுவும் வரும், திறந்த வெளியில் செய்யுங்கள். உட்பூச்சு ஊற்றி அடைப்பதை ஊசித்துளை விழுந்த டேங்குக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பூச்சு என்றாவது உரிந்தால் அதன் செதில்கள் நேராகக் கார்ப்புரேட்டருக்குத்தான் போகும்.

ஒருவேளை முழுக்கவே பிரிக்கிறீர்கள் என்றால், பெயின்ட்டுக்கு அனுப்பும் முன் மொத்த வண்டியையும் ஒருமுறை வெறும் இரும்பாகவே கட்டிப் பாருங்கள். எங்கோ ஒரு பட்டை வளைந்திருக்கும், ஒரு துளை நேர்வராது, ஏதோ ஒன்றை வெல்டிங் செய்ய நேரும். புதுப் பெயின்ட்டின் மேல் வெல்டிங் செய்வதை என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

என் வண்டி கிளம்பிய மறுவாரம் சித்தப்பா பார்க்க வந்தார். டேங்கைத் தடவினார், ஸ்போக்குகளை விரலால் சுண்டிக் கேட்டார், ஒன்றும் சொல்லாமல் உதைத்துக் கிளப்பித் தெருமுனை வரை போய்த் திரும்பினார்.

"இரண்டாவது கியர் இன்னும் வெளியே குதிக்கிறதே" என்றார் இறங்கியபடி. "அதனால்தானே நான் இதை நிறுத்திவைத்தேன். எஞ்ஜினைப் பிரித்தபோது பார்க்கவில்லையா நீ?"

பார்க்கவில்லை. அந்தக் கியரை நானே மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஆயில் பூசிப் பெட்டியில் வைத்தேன். பக்கவாட்டுப் பற்கள் உருண்டு மழுங்கியிருந்ததைக் கை தொட்டிருக்கும், மனதில் ஏறவில்லை. பிரிக்கும் முன் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஓட்டாவிட்டாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு கியர் ஆயிலை வடித்து எஞ்ஜினை மறுபடி மேசைமேல் ஏற்றினேன். இந்த முறை போல்ட்டுகளை அட்டையில் எஞ்ஜின் உறையின் படம் வரைந்து, அந்தந்தத் துளையில் குத்தி வைத்தேன்.